வெந்நீர் ஊற்றிய பாறை

போன வருஷம் ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்தெருவில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் எனக்கும் என் மாமனாருக்கும் காபி கசந்தது. சர்க்கரை போடாத கசப்பு இல்லை. துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த மாதிரி ஒரு கசப்பு. அன்று சாயந்திரத்துக்குள் அவரை இழந்துவிடுவோமோ என்று நான் நடுங்கப்போகிறேன் என்பது தெரியாமல், டிகாக்‌ஷனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் எங்கள் வீட்டு மீன் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் இன்சூரன்ஸ் ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் பஜனை, வாக்கிங் என்று போவார்கள். இவர் யாரோ நண்பர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, ஹாலில் உப்புத் தண்ணீர் தொட்டி வைத்துவிட்டார். அதில் இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் பாறை, நடுவில் ஒரு அனிமோன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடல் சாமந்தி என்று படித்திருப்பீர்களே, அதுதான். பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் ஜந்து. இறால் துணுக்கைக் காட்டினால் கையை நீட்டி இழுத்துக்கொள்ளும்.

வெங்காயத்துக்கே நாள் பார்க்கிற வீடு எங்களுடையது. அங்கே இறால் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு சமாதான ஒப்பந்தம் ஆயிற்று. தொட்டி சம்பந்தப்பட்ட எதுவும் சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது. அதன் நாற்றம் சுவாமி அலமாரி வரைக்கும் வரக்கூடாது. தீனி போட்டால் குளித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். மாமனார் ஒன்றையும் மீறவில்லை. ஆபீஸ் சர்க்குலர் மாதிரி அத்தனையையும் கடைப்பிடித்தார். அந்த ஒழுங்குதான் எங்களை அன்றைக்குப் படுத்தி எடுத்தது.

நவராத்திரிக்கு முன்னால் புதிதாக ஒரு பாறை வாங்கிப் போட்டிருந்தார். அதன் ஒரு பக்கம் பழுப்பாக, பட்டன் பட்டனாக ஏதோ முளைக்க ஆரம்பித்தது. முதலில் அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். அது பரவப் பரவ, அவருடைய செல்ல அனிமோன் ஒரு மூலையில் சுருங்கிப் போய்விட்டது. அவ்வளவுதான், மனுஷர் துப்பறிய இறங்கிவிட்டார். இரண்டு நாள் பூதக்கண்ணாடியும் கையுமாகத் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தொட்டியில் எப்போதும் நீல விளக்குதான் எரியும். அந்த வெளிச்சத்தில் செல்போனால் படம் எடுத்து, பெயர் சொல்லும் ஒரு ஆப்பில் போட்டார். அது கண்ணாடி அனிமோன் என்றது. களைச்செடி மாதிரி பரவும் ஜாதி, மனுஷருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் நல்ல அனிமோனைக் கொட்டிக் கொட்டியே சாகடித்துவிடும் என்று படித்துச் சொன்னார்.

அவர் உப்புத் தண்ணீர் தொட்டிக்காரர்களின் வாட்ஸப் குரூப் ஒன்றிலும் இருந்தார். எல்லாம் சின்னப் பிள்ளைகள், பெரும்பாலும் ஐ.டி. வேலை. அவர்களுக்குள் மச்சி, மச்சி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். இவர் மட்டும் அங்கிள். அங்கிள் ஒன்று சொன்னால் கும்பிடு போட்டுவிடுவார்கள். கண்ணாடி அனிமோனை அடையாளம் கண்டாகிவிட்டது, பாறைக்கு இன்று வெந்நீர் அபிஷேகம் என்று படத்தோடு போட்டார். சபாஷ் சொல்லும் பெருவிரல் பொம்மைகளாகக் குவிந்தன.

வெந்நீர் எங்கள் வீட்டின் சர்வரோக நிவாரணி. எவர்சில்வர் டம்ளரில் வாடை வந்தால் வெந்நீர், மெத்தையில் மூட்டைப்பூச்சி வந்தால் வெந்நீர். கடல் ஜந்துவுக்கும் அதேதான் என்று அவர் முடிவு பண்ணியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சமையல்கட்டில் செய்ய முடியாது. பால்கனியில் மழைச்சாரல். அதனால் பின்பக்க பாத்ரூமில், வாஷிங் மெஷின் பிளக்கில் மின்சாரக் கெட்டிலை மாட்டினார். பாறையை பக்கெட்டில் வைத்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி, துணி துவைக்கிற பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். மழைக்காக மேலே கண்ணாடி ஜன்னல் சாத்தியிருந்தது. நாற்றம் சுவாமி அலமாரிக்குப் போகாமல் இருக்க, கதவையும் தாழிட்டு, கதவடியில் ஈரத்துண்டைச் சுருட்டி அடைத்துக்கொண்டார். குனிந்தபடி, அந்த ஆவிக்குள்ளேயே நெடுநேரம் இருந்திருக்கிறார்.

வெளியே வந்தபோது முகமெல்லாம் வியர்வை, ஆனால் வாயெல்லாம் பல். பாறை ஊறட்டும், பக்கெட்டை அப்புறம் கொட்டுகிறேன் என்றார். துணி காயப்போடும் கிளிப்புகளை எடுக்க நான் உள்ளே போனேன். வெந்த கடல்நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மூலையில் ஒரு பல்லி மல்லாந்து கிடந்தது. வெந்நீர் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளிப்புகளோடு வெளியே வந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்தக் காபி. மாமியார் அதே காபியைக் குடித்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். மாமனாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேறு யாருக்கும் இல்லாத கசப்பு எங்கள் இரண்டு பேர் வாயில் மட்டும் எப்படி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருக்குக் குளிர ஆரம்பித்தது. சாதாரணக் குளிர் இல்லை, கட்டில் சட்டம் சுவரில் இடித்துச் சத்தம் போடுகிற நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தினோம். நெற்றி கொதித்தது. கால் சதை பிடித்து இழுக்கிறது என்றார். ஊரெல்லாம் மழை ஜுரம், எங்கள் மாடியில் மட்டும் மூன்று வீட்டில் படுத்திருந்தார்கள். இதுவும் அதுதான் என்று மாமியார் மிளகுக் கஷாயம் போடப் போனார். பிறகு இருமல் வந்தது. இருமி முடித்து மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். எனக்கும் நெஞ்சு இறுக்கமாகத்தான் இருந்தது, பயத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் ஆபீஸ் வேலையாகப் புனே போயிருந்தார். டாக்டருக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. நடுவில் மாமனாரின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்பவர்களாக இருக்கும் என்று கட் பண்ணினேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் கட் பண்ணினேன். அதற்கும் அடுத்த தடவை, திட்டுவதற்காகவே எடுத்தேன்.

ஒரு பெண் குரல். அந்தத் தொட்டி குரூப்பில் இருப்பதாகவும், அசோக் நகரிலிருந்து பேசுவதாகவும் சொன்னாள். அங்கிள் பாறைக்கு வெந்நீர் ஊற்றப் போவதாகப் போட்டிருக்கிறாரே, ஊற்றிவிட்டாரா என்று கேட்டாள். ஊற்றிவிட்டார், இப்போது ஜுரமாகப் படுத்திருக்கிறார் என்றேன்.

"அக்கா, பயப்படாம கேளுங்க. அது கண்ணாடி அனிமோன் இல்லைன்னு எனக்குத் தோணுது. அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, வெந்நீர் பட்டா அதோட விஷம் ஆவியில வரும். மூச்சு வாங்குதா அவருக்கு?"

ஆமாம், விசில் மாதிரி சத்தம் வருகிறது என்றேன். அவள் அந்த ஜந்துவுக்கு ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். அந்த பாத்ரூம் கதவை யாரும் திறக்கக்கூடாது, அந்தத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள், ராயப்பேட்டை என்றேன்.

திரும்பிப் பார்த்தால் கட்டிலருகே மாமியாரைக் காணோம். பின்பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"பல்லி செத்துக் கெடக்குடி இங்க. நன்னாவே இல்லை. நானே கொட்டி அலம்பிட்டு வந்துடறேன், ஆத்துல நாத்தம் தாங்கலை."

ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கை பக்கெட்டின் பிடியில். நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்று கத்தினேன். அவர் திகைத்துப்போய் என்னையே பார்த்தார். அந்த ஆவி விஷமாம் என்றதும் அவருக்கும் புரிந்துவிட்டது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டோம், ரோட்டில் தண்ணீர் நிற்பதால் நேரமாகும் என்றார்கள். வாட்ச்மேனும் நானும் மாமனாரை நாற்காலியில் வைத்து லிஃப்டில் இறக்கினோம். உதடு லேசாக நிறம் மாறியிருந்தது. வாசலில் சவாரி இல்லாமல் நின்ற ஒரு ஆட்டோக்காரர், நாங்கள் கேட்பதற்கு முன்பே வண்டியைத் திருப்பிவிட்டார்.

"இன்னாக்கா, பெரியவருக்கு மூச்சு இழுக்குதா? ஏறு, ஏறு. மெயின் ரோடு ஃபுல்லா தண்ணி கீது, நான் சந்துல பூந்து போய்டறேன்."

ராயப்பேட்டை வரைக்கும் போன அந்த வழி எனக்குச் சரியாக ஞாபகமில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மாமனாரின் தலை என் தோளில் இடித்ததும், அடுத்த மூச்சு வருகிறதா என்று நான் காதை அவர் வாயருகே வைத்துக்கொண்டே போனதும்தான் ஞாபகம். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமியார் எதிரே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு சகஸ்ரநாமத்தை ஆரம்பித்து ஆரம்பித்து, இரண்டாவது வரியில் தவறவிட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். டியூட்டியில் இருந்தவர் இளம் டாக்டர், பொறுமையாகக் கேட்டார். எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. கடல் ஜந்து, வெந்நீர், ஆவி என்று உளறினேன். கொட்டிச்சா, கடிச்சுதா என்று கேட்டார். இல்லை. என்ன ஜந்து, பெயர் தெரியுமா என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மாமனார் முகத்திலிருந்த மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினார்.

"கண்ணாடி... அனிமோன். நானே பார்த்து... கன்ஃபர்ம் பண்ணிண்டேன்."

மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதும் மனுஷருக்குத் தன் தீர்ப்பில் சந்தேகமே வரவில்லை. டாக்டர் செல்போனில் தேடிப் பார்த்தார். "இதால இப்படி ஆகாதும்மா. ஹார்ட்டா இருக்கலாம், வேற ஏதாவது ஆசிட், பிளீச்சிங் பவுடர் கலந்தாரா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நோயாளியே அடித்துச் சொல்கிறபோது அவர் வேறு என்ன நினைப்பார்? அந்தப் பெண் போனில் சொன்ன பெயரை நான் சரியாகக் காதில் வாங்கியிருக்கவில்லை, அவள் கூப்பிட்ட மாமனாரின் செல்போனும் வீட்டிலேயே கிடந்தது. பெயர் மாறினால் இவர்கள் பார்க்கிற இடமும் மாறிவிடும், நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நுரையீரல் கைவிட்டுவிடும் என்று பயந்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். அசோக் நகரிலிருந்து அந்த மழையில் ஸ்கூட்டரில். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, எமர்ஜென்சி வாசலில் நின்று, அங்கிளைத் தேடி வந்தேன் என்று செக்யூரிட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் தெரியாது, குரலைக் கேட்டுத்தான் ஓடினேன். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே, அந்தப் பாறையை நீல விளக்கு இல்லாமல் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். மாமனார் போட்ட படத்தில் நிறமே தெரியவில்லை, அந்த ஜந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்தது, அதைக் காட்டி யாரையும் நம்பவைக்க முடியாது என்றாள்.

எனக்குச் சட்டென்று கொலு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் கொலுப்படி மீன் தொட்டிக்குப் பக்கத்தில்தான். அந்த வருஷம் படியின் மேல் வெள்ளை விளக்கு போட்டிருந்தோம். என் செல்போனில் தள்ளித் தள்ளித் தேடினேன். செட்டியார் பொம்மை, தசாவதாரம், வந்தவர்களுக்குக் கொடுத்த தாம்பூலப் பை என்று ஏதேதோ வந்தது. விரல் ஈரமாக இருந்ததால் திரை நகரவே மாட்டேன் என்றது. கடைசியில் ஒரு படத்தில், மாமியாரின் முழங்கைக்குப் பின்னால், தொட்டியின் அந்த மூலை பளிச்சென்று விழுந்திருந்தது.

அவள் அதைப் பெரிதாக்கி டாக்டரிடம் காட்டினாள். கண்ணாடி அனிமோன் என்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, உள்ளே தெரிகிற மாதிரி நீளக் கைகளோடு இருக்கும். இதில் பாருங்கள், சட்டை பட்டன் மாதிரி தட்டை, ஓரத்தில் மட்டும் குட்டைக் கைகள், எல்லாம் அடியில் ஒரே பாய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது அனிமோனே இல்லை, அதன் ஒன்றுவிட்ட ஜாதி, பெயர் பாலிதோவா என்றாள். டாக்டர் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வாய் கசந்துதா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம், அவருக்கும் எனக்கும் என்றேன். உடனே சீனியரைக் கூப்பிட்டார். மாமனாரை ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள், என்னையும் ஒரு கட்டிலில் உட்காரவைத்து மூச்சுக்கு மருந்துப் புகை கொடுத்தார்கள். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, நுரையீரலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான், இன்று ராத்திரி தாண்டட்டும் என்று சீனியர் டாக்டர் சொன்னார். தாண்டட்டும் என்கிற வார்த்தையை அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு வெறுத்ததில்லை. கணவருக்கு போனில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் முடியாமல் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். முகம் தெரியாத ஒருவரிடம் அவர் அப்பாவின் நிலைமையை அவள்தான் சொன்னாள்.

தாண்டினார். மறுநாள் காலையில் இன்னும் ஆக்ஸிஜனில்தான் இருந்தார், ஆனால் விசில் சத்தம் குறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், அனிமோனுக்கு நேற்று தீனி போட்டாயா என்று சைகையில் கேட்டார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். மாடி ஏறினால் இன்றைக்கும் அவருக்கு இளைக்கிறது.

அவர் வருவதற்கு முன்பே பாத்ரூம் சுத்தமாகிவிட்டது, ஆனால் நாங்கள் தொடவில்லை. அந்தப் பெண்தான் முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, பிளீச்சிங் ஊற்றி ஊறவைத்து, பாறையையும் தண்ணீரையும் அப்புறப்படுத்தினாள். மாமனார் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் மாமியார் அவளை வரச்சொல்லி அடை வார்த்துப் போட்டார். சாப்பிடும்போது நான் கேட்டேன். குரூப்பில் அத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருத்தருக்குமா தெரியவில்லை?

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள், அங்கிளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் இரண்டு பேர் தனியாக மெசேஜ் போட்டார்களாம். அவர்களுக்கும் அந்தப் படத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கிறது. பெரியவர் இவ்வளவு திட்டவட்டமாகச் சொல்கிறார், எல்லோர் முன்னாலும் போய் அவரைத் திருத்துவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்களாம். பெருவிரல் போட்டவர்களில் அவர்களும் உண்டு.

உனக்கு மட்டும் எப்படித் தைரியம் வந்தது என்றேன்.

"தைரியம் எல்லாம் இல்லக்கா. நானும் ரொம்ப நேரம் யோசிச்சேன். நான் சொல்றது தப்பா இருந்தா அங்கிள் திட்டுவாரு, அவ்வளவுதானே. சரியா இருந்து சொல்லாம விட்டேன்னா?"

மாமனார் உள் அறையில் படுத்திருந்தார், கதவு திறந்துதான் இருந்தது. அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் குரூப்பில் ஏதாவது போட்டால், கடைசியில் 'தப்பென்றால் சொல்லுங்கள்' என்று சேர்த்துப் போடுகிறார்.

அந்த ஜந்துவின் விஷத்தை நினைத்தால் எனக்குப் பயம்தான். ஆனால் உடம்பு சில்லிட்டுப் போவது, தெரிந்தும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்ட அந்த இரண்டு நல்ல பிள்ளைகளை நினைத்துத்தான். எங்கள் வீட்டிலும் எல்லோரும் அப்படிப்பட்ட நல்ல பிள்ளைகளாகவே வளர்ந்தோம் என்பதால், இப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் எதிரில் எவ்வளவு பெரியவர் இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். தப்பாக இருந்தால் நான் அசடு வழிவேன், அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.